மூத்தவர் யாராக இருந்தாலும்

4 ஜூலை 1979, புதன்

பஸ் இன்றைக்கும் தாமதம். நாகமலை தாண்டிச் சாலை பிரியும் விலக்கில் இறங்கி, வயல் வழியே செம்மண்பட்டிக்கு நடந்து சேர்வதற்குள் இரண்டாவது மணி அடித்துவிட்டது. சேலைக் கரையெல்லாம் புழுதி. தலைமை ஆசிரியர் நல்லகாமன் சார் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். இந்தப் பள்ளிக்கு ஆசிரியர் நாங்கள் இரண்டே பேர். மூன்று முதல் ஐந்து வரை அவர். ஒன்றும் இரண்டும் ஒரே அறையில் என்னிடம்.

சர்க்குலர் வந்திருக்கிறது. இது குழந்தைகள் ஆண்டாம். வெள்ளிக்கிழமைதோறும் கடைசி வகுப்பில் நல்லொழுக்கம் நடத்த வேண்டும். முதல் பாடம் மரியாதை.

"பெருசா ஒண்ணுமில்ல டீச்சர். கையக் கட்டச் சொல்லுங்க, வணக்கம் சொல்லச் சொல்லுங்க. அம்புட்டுத்தேன் மரியாதை" என்றார் சார்.

அவ்வளவுதானா?

6 ஜூலை, வெள்ளி

"யாருக்கெல்லாம் 'வாங்க'ன்னு சொல்லணும்?" என்று கேட்டேன். அப்பாவுக்கு. வாத்தியாருக்கு. சாமிக்கு. போலீஸுக்கு. பஸ் கண்டக்டருக்கு. ஏன் கண்டக்டருக்கு? "இல்லாட்டி நிப்பாட்டாமப் போயிருவாரு டீச்சர்." எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் சின்னத்தாய் எழுந்தாள். இரண்டாம் வகுப்பு, கெட்டிக்காரி. மேலத்தெரு உக்கிரபாண்டியின் மகள். கிணறும் பம்ப்செட்டும் தோட்டமும் உள்ள வீடு. ஒப்பிப்பதுபோல் கடகடவென்று சொன்னாள்: "அப்பாவுக்கு வாங்க. அம்மாவுக்கு வா. சுருளிக்கு வாடா."

"சுருளி யாரு? தம்பியா?"

"இல்ல டீச்சர். எங்க தோட்டத்துல தண்ணி பாச்சுறவன். தல நரச்சிருக்கும்."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அதில் அவர்களுக்குச் சிரிக்க என்ன இருக்கிறது? பின்வரிசையில் தங்கப்பொண்ணு மட்டும் குனிந்து சிலேட்டை எச்சில் தொட்டு அழித்துக்கொண்டிருந்தாள். சிலேட்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை. சுருளி அவளுடைய தாத்தா.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. எல்லாரும் அனா ஆவன்னா எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுருளியைப்போல நானும் கீழத்தெருக்காரிதான். மதுரையில் நான் இருக்கும் பழங்காநத்தத்தில் தெருவுக்கு வேறு பெயர், அவ்வளவே. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. 'டீச்சருக்கு டவுன்ல எந்தப் பக்கம்? யாரு வீடு?' என்று கேட்டுக் கேட்டே கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த விஷயத்தில் நான் வாயைத் திறந்தால், எனக்காகக் கேட்கிறேன் என்பார்கள்.

7 ஜூலை, சனி

அம்மாவிடம் சொன்னேன். "ஊரு நாயத்த நீ எதுக்குடி இழுத்துத் தலையில போட்டுக்கிற? சம்பளம் வருதா, சரி" என்றாள்.

10 ஜூலை, செவ்வாய்

மத்தியானம் வேப்பமரத்தடியில் பிள்ளைகள் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடினார்கள். ஒன்றாம் வகுப்புக் காளைதான் டீச்சர். தோளில் ஒரு துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு, கையில் குச்சியோடு, "ஏய் எரும! ஒக்காரு. வாய மூடு. ஏண்டி, ஒனக்குத் தனியாச் சொல்லணுமா?" என்று அதட்டினான். முகத்தைச் சுளிக்கிறான், உதட்டைக் கடிக்கிறான் – அப்படியே நான்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நாள் முழுக்க எருமை, கழுதை, ஏண்டி, வாடா. வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு மட்டும் மரியாதை. கையில் இல்லாததை எப்படிப் பரிமாறுவது? அவர்களுக்கு யாராவது ஒரு நாளாவது மரியாதை தந்திருந்தால் அல்லவா அது என்ன ருசி என்று தெரியும்!

13 ஜூலை, வெள்ளி

செய்துவிட்டேன்.

காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போதே தொடங்கினேன். "காளை, இங்க வாங்க. இந்தச் சாக்பீஸை எடுத்துக் கொடுங்க."

காளை பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது. பிறகு உதடு பிதுங்கி ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டான். "டீச்சர் அடிக்காதீக! நான் சிலேட்ட உடைக்கல டீச்சர், தன்னாலதேன் ஒடஞ்சுச்சு!"

அவன் வீட்டில் 'வாங்க தொரை' என்று கூப்பிட்டால் அடுத்தது அடிதான் போலிருக்கிறது. மடியில் உட்காரவைத்துச் சமாதானம் செய்தேன். குச்சியை ஓட்டுக் கூரைக்கு மேலே எறிந்தேன். அதைக் கண்டு எல்லாரும் கை தட்டினார்கள்.

ஆனால் எனக்கே வாய் பழகவில்லை. "ஏண்..." என்று தொடங்கி எத்தனை முறை விழுங்கினேன் இன்று!

20 ஜூலை, வெள்ளி

பற்றிக்கொண்டுவிட்டது! கில்லி ஆடும் இடத்திலிருந்து சண்டைச் சத்தம்: "நீங்க அவுட்டு!" "நான் அவுட் இல்லைங்க. நீங்கதேன் கள்ள ஆட்டம் ஆடுறீங்க!" "போங்கடா!"

நல்லகாமன் சார் வாசலில் வந்து நின்றார். "என்ன டீச்சர், கல்யாண வீடு மாதிரி இருக்கு? வாங்க, உக்காருங்க, சாப்புடுங்கன்னு?" சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பள்ளிக்கூடத்துக்குள்ள இருக்குற வரைக்கும் சரி" என்றார்.

27 ஜூலை, வெள்ளி

கரும்பலகையில் ஒரே ஒரு விதி எழுதினேன். 'நம்மைவிட மூத்தவர் யாராக இருந்தாலும் வாங்க என்று சொல்வோம்.' 'யாராக இருந்தாலும்' என்று எழுதும்போது வாசலை ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். எழுத்துக் கோணிவிட்டது. அழிக்கவில்லை.

"அம்மாவுக்குமா டீச்சர்?" – சின்னத்தாய்.

"அம்மா உங்களைவிட மூத்தவங்கதானே?"

யோசித்தாள். விரல்விட்டு எண்ணினாள். "ஆமா" என்றாள். அப்புறம் பின்வரிசையைத் திரும்பித் தங்கப்பொண்ணைப் பார்த்தாள். அவள் எதை யோசித்தாள் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை. அவளாகவே கணக்குப் போட்டுவிட்டாள்.

31 ஜூலை, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதவே கை வரவில்லை.

காலை வகுப்பு நடக்கும்போது உக்கிரபாண்டி வந்தார். கூட நாலு பேர். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேற்று அவர் தோட்டத்துக்குக் காளை மாடு விலை பேச வெளியூர் ஆட்கள் வந்திருக்கிறார்கள். எல்லாரும் கிணற்றடியில் உட்கார்ந்திருக்கும்போது சின்னத்தாய் தூக்குச்சட்டியோடு வந்து, வரப்பில் நின்று, "சுருளித் தாத்தா, கஞ்சி குடிக்க வாங்க!" என்று கூப்பிட்டிருக்கிறாள். வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒருவர், "என்னப்பா, சம்பந்தம் கிம்பந்தம் பண்ணிட்டீகளா?" என்று கேட்டிருக்கிறார்.

உக்கிரபாண்டி என்னைப் பார்த்துப் பேசவே இல்லை. எல்லாம் சாரிடம்தான். "புள்ளயப் படிக்க அனுப்புனோமா, ஊரக் கெடுக்க அனுப்புனோமா? எந்தத் தெரு வெவரம் இங்க போர்டுல ஏறுதுன்னு எங்களுக்குத் தெரியாதா சார்?"

"இது சர்க்காரு பாடம்ப்பா..." என்று சார் இழுத்தார்.

நான் எழுந்தேன். "மூத்தவங்களுக்கு மரியாதை குடுக்கணும்னுதான் சொன்னேன். பேரு சொல்லிச் சொல்லித் தரல" என்றேன்.

அவர் அப்போதும் சாரையே பார்த்துக்கொண்டு, "அதுக்கு மரியாதை வேணும்னா டவுன்ல போயி வாங்கிக்கிறச் சொல்லுங்க" என்றார். மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவள் சிலேட்டு பெஞ்சிலேயே கிடக்கிறது.

அது! அதுன்னு சொல்லிட்டுப் போறாரு. நான் என்ன ஆடா மாடா? ட்ரெயினிங் படிச்சிட்டு வந்து நின்னா நான் அதுவா? அழக் கூடாது, அழக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டே பஸ்ஸுல வந்தேன். கண்டக்டர் சில்லறையைக் கையில் வைத்துவிட்டு, "என்னக்கா, மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டார். அப்போது அழுதுவிட்டேன்.

1 ஆகஸ்ட், புதன்

பாதி வகுப்பு காலி. மேலத்தெருவிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை.

3 ஆகஸ்ட், வெள்ளி

சாயங்காலம் விலக்கில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சுருளி வந்தார். நான் அவரை நேருக்கு நேர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மெலிந்த ஆள், முழங்கால் வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தள்ளியே நின்றார். கிட்ட வாங்க என்றேன். வரவில்லை.

"தாயி, நீ... நீங்க படிச்ச புள்ள. இன்னிக்கு இங்க இருப்பீக, நாளைக்கு மாத்தலாகிப் போயிருவீக. நாங்க இங்கனதேன் கெடக்கணும். மூணு நாளா என்னயத் தோட்டத்துப் பக்கம் வராதன்னுட்டாரு. வேணாம் தாயி. எனக்கு வாங்க போங்க வேணாம்."

பஸ் வந்துவிட்டது. ஏறும்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் புள்ள கூப்புட்டப்ப எனக்கு மேலெல்லாம் கூசிப்போச்சு. யாரையோ கூப்புடுதுன்னு நெனச்சேன். நல்லாத்தேன் இருந்துச்சு... அதுக்காக?"

அதுக்காக?

4 ஆகஸ்ட், சனி

நான் யாருக்கு மரியாதை வேண்டும் என்று நினைத்தேனோ அவருக்கே சோறு போய்விட்டது. பாடம் சரி, விலை அவர் தலையில். இது என்ன நியாயம்? திங்கட்கிழமை போய் விதியை அழித்துவிடலாமா? 'அப்பாவுக்கு, வாத்தியாருக்கு, சாமிக்கு' என்று எழுதிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அம்மா கட்டட வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டேன். சிமெண்டு காய்ந்த கையைத் தேய்த்தபடி சொன்னாள்: "நான் சித்தாளாப் போன நாள்லருந்து கொத்தனாரு மகன் மொதக்கொண்டு என்னய 'ஏ மாயக்கா'ன்னு பேரச் சொல்லிக் கூப்புடுவான். அவனுக்கு அப்ப மீசகூட மொளைக்கல. நான் ஒரு நாளும் கோவப்பட்டதில்ல. ஆனா, அவனுக்கு எவளாச்சும் ஒரு டீச்சரு சொல்லிக் குடுத்திருந்தா நல்லாருந்திருக்கும்டி."

போன மாதம் வேறு மாதிரி சொன்னவள்தான் இவள்.

6 ஆகஸ்ட், திங்கள்

விதியை அழிக்கவில்லை.

8 ஆகஸ்ட், புதன்

இன்று மறக்க முடியாத நாள்.

பத்து மணிபோலச் சின்னத்தாயின் அம்மா வந்தார். பெயர் ஜெயக்கொடி. மகளை இடுப்பில் வைத்திருந்தார், ஏழு வயதுப் பெண்ணை! வாசலில் இறக்கிவிட்டு, "உள்ள போயி ஒன் எடத்துல ஒக்காரு" என்றார். சார் பதறிப்போய் எழுந்து வந்தார். "ஏத்தா, ஒன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டுத்தேன் வாரேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர், நான் வாக்கப்பட்டு வந்து பத்து வருசமாச்சு. மாமியா 'ஏ இவளே'ம்பாக. அவுக 'ஏ கழுத'ம்பாக. எம்பேரு எனக்கே மறந்துபோச்சு. போன வாரம் இந்தப் புள்ள வந்து, 'அம்மா, நீங்க சாப்புட்டீங்களா?'ன்னு கேக்குது. அடுப்பு ஊதிக்கிட்டு இருந்தேன். புகையில கண்ணு எரியுதுன்னு சொல்லி அழுதேன். அத அவுக நிப்பாட்டணும்ங்கிறாக. நான் முடியாதுன்னுட்டேன்."

"சுருளி..." என்று நான் மெல்லக் கேட்டேன்.

"முந்தாநாளே வரச் சொல்லியாச்சு. நடவு நேரம், அவன... அவர..." நின்றார். சொல் எந்தப் பக்கம் விழுவது என்று தெரியாமல் வாயிலேயே நின்றது. "அந்த ஆளு இல்லாம எங்க தோட்டத்துல ஒரு வாய்க்கா ஓடாது டீச்சர். அது அவுகளுக்கும் தெரியும்."

போகும்போது வாசலில் நின்று, "நாளைக்கு மத்த புள்ளைகளும் வரும். கெணத்தடியில மத்த பொம்பளைககிட்டப் பேசிட்டேன்" என்றார்.

9 ஆகஸ்ட், வியாழன்

வந்தார்கள்! காளையின் சிலேட்டு மறுபடியும் உடைந்துவிட்டது. யார் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை.

21 செப்டம்பர், வெள்ளி

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். உக்கிரபாண்டி தெருவில் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார். தோட்டத்தில் சின்னத்தாய் சுருளியைக் கூப்பிடுவதே இல்லையாம். 'வாடா' சொல்ல மனமில்லை, 'வாங்க' சொன்னால் அப்பா திட்டுவார். கஞ்சிச் சட்டியை வரப்பில் வைத்து மூடியால் டங் டங் என்று தட்டுகிறாளாம். சுருளி வந்துவிடுகிறாராம். தங்கப்பொண்ணு சொன்னாள். இரண்டு பேரும் இப்போது ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். நான் சொல்லி அல்ல.

12 அக்டோபர், வெள்ளி

நல்ல மழை. கூரை ஒழுகுகிறது. பாடமில்லை, கதைதான்.

19 நவம்பர், திங்கள்

காலையில் நான் உள்ளே நுழையும்போதே சின்னத்தாய் ஓடிவந்தாள். சனிக்கிழமை அப்பாவோடு மதுரைக்குப் போயிருக்கிறாள். ஒரு ஆபீஸ். எந்த ஆபீஸ் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "பெரிய மேசை, பெரிய காத்தாடி, நெறையாக் கட்டுக் கட்டாப் பேப்பரு." அங்கே ஒரு இளவட்டம் உட்கார்ந்திருந்தானாம்.

"எங்கப்பாவப் பாத்து, 'ஏய், அங்கிட்டுத் தள்ளி நில்லுய்யா. கூப்புடறப்ப வா'ன்னாரு டீச்சர். எங்கப்பா துண்ட எடுத்துக் கையில வச்சுக்கிட்டாரு. வெளியிலயே நின்னோம். நான் கேட்டுட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"'எங்கப்பா உங்களவிட மூத்தவங்க. வாங்கன்னு சொல்லுங்க'ன்னேன்."

"அப்புறம்?"

"அங்கன இருந்தவுக எல்லாரும் சிரிச்சாக. அவரு மொகம் செவந்துபோயி, 'உள்ள வாங்க பெரியவரே, உக்காருங்க'ன்னாரு. எங்கப்பா உக்காரல. கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டாரு."

"அப்பா உங்களைத் திட்டினாரா?"

"இல்ல டீச்சர். பஸ் ஸ்டாண்டுல வடை வாங்கித் தந்தாரு. பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டாரு. ஊரு வர வரைக்கும் எறக்கி விடல."

நல்லகாமன் சார் அடுத்த அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாயங்காலம் அவர் வகுப்புக் கரும்பலகையிலும் அந்த விதி இருந்ததைப் பார்த்தேன். அழகான கையெழுத்து அவருக்கு. கோணாமல் எழுதியிருக்கிறார்.

17 மார்ச் 1980, திங்கள்

அம்மாவுக்குக் காய்ச்சல். லீவு போட்டேன். வீட்டில் இருக்க இருப்புக்கொள்ளவில்லை.

11 ஜூன் 1980, புதன்

பள்ளி திறந்து இந்த வாரம் சேர்க்கை. வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் சுருளி வந்தார், பேரன் மலையாண்டியோடு. பையனுக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுத்துச் சீவியிருந்தது. பேர் எழுதத் தொடங்கும்போது உக்கிரபாண்டி வந்தார். தோளில் அவருடைய சின்ன மகன். இவனை விலக்குக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில்தான் சேர்ப்பேன் என்று போன வருடம் ஊரெல்லாம் சொன்னவர்.

அவரைக் கண்டதும் சுருளி பேரனை இழுத்துக்கொண்டு மேசையை விட்டு ஒதுங்கினார். கால் தானாக ஒதுங்குகிறது. எத்தனை வருடப் பழக்கம்! அதே நேரம் சின்னத்தாய் – இப்போது மூன்றாம் வகுப்பு, சாருடைய அறை – ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பித் தங்கப்பொண்ணிடம் கத்தினாள்: "ஏ தங்கம், சுருளித் தாத்தா வந்திருக்காங்க!"

என் பேனா நின்றுவிட்டது. சுருளி கண்ணை மூடிக்கொண்டார்.

உக்கிரபாண்டி ஜன்னலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தோளிலிருந்து பையனை இறக்கினார். அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு மேசையைப் பார்த்து, யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னார்: "சுருளி எனக்கு முன்னாடியே வந்துட்டாப்ல. மொத அங்கிட்டு எழுதுங்க டீச்சர்."

வந்துட்டாப்ல. நம் ஊர்ப் பேச்சில் இப்படி ஒரு சொல் இருக்கிறது. 'வந்துட்டான்' இல்லை, 'வந்துட்டாரு'ம் இல்லை. கூடப் பழகியவரை, தன் வயதுக்காரரைச் சொல்லும் சொல். இத்தனை நாள் நானும்தான் பேசுகிறேன். இன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது.

சுருளி மேசைக்கு வந்தார். நான் கேட்டேன், அவர் சொன்னார், எழுதினேன். உக்கிரபாண்டி மர நிழலில் மகனின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு தன் முறைக்காகக் காத்துநின்றார்.